வேலூர் கற்பித்த பாடம்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரும் செவிலியர் தலைமையும்



நம் பாகலூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நோய் முற்றிவிட்டதென்றால் முதலில் ஓசூர், அடுத்துப் பெங்களூர், அங்கும் தீராவிடில் வேலூர் என்று புறப்படுவது வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாயிலை ஒருமுறையேனும் மிதிக்காத குடும்பங்கள் நம் பகுதியில் குறைவு. ஆயினும் அந்நிறுவனத்தை உருவாக்கிய பெண்மணியின் வரலாற்றை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. அவ்வரலாற்றை இம்மலரில் எழுத நாம் முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் பெண்மக்கள் இன்று பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடிக்கின்றனர். அடுத்து என்ன படிப்பது என்னும் பேச்சு வீடுதோறும் எழுகிறது. செவிலியர் படிப்பு என்று எவரேனும் சொன்னால் பல வீடுகளில் முகம் சுளிப்பதைக் காண்கிறோம். அதே வீட்டார், தம் குடும்பப் பெண்ணை மருத்துவமனையில் சேர்க்கும்போது பெண் செவிலியரே உடனிருக்க வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? இக்கேள்வியை மனத்திற்கொண்டு இவ்வரலாற்றை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பிறப்பும் இளமையும்

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்து, பின்னர்த் தமிழகத்தில் பணியாற்றியவர். தந்தையாரும் ஜான் என்னும் பெயருடைய மருத்துவரே. அக்குடும்பத்தில் பலர் கிறிஸ்தவ சமயப் பணிக்கும் மருத்துவத்திற்கும் தம் வாழ்வைக் கொடுத்தவர்கள்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய பெரும்பஞ்சத்தைச் சிறுமி ஐடா கண்ணால் கண்டார். எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு உணவு வழங்கும் வேலையில் அவருடைய குடும்பம் ஈடுபட்டிருந்தது. அக்காட்சிகள் அவருள்ளத்தில் இரக்கத்தைக் காட்டிலும் அச்சத்தையே மிகுதியாக விதைத்தன. இந்நாட்டின் துயரிலிருந்து விலகி, அமெரிக்காவில் வசதியான வாழ்க்கை வாழ வேண்டும் என்பதே இளம்பருவத்தில் அவர் கொண்ட விருப்பம். 1890ஆம் ஆண்டில் நோயுற்ற தாயாருக்கு உதவியாகத் திண்டிவனம் வந்தபோதும், சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவருடைய எண்ணமாக இருந்தது.

மூன்று வீடுகள், மூன்று மரணங்கள்

திண்டிவனத்தில் ஓர் இரவு அவ்வெண்ணம் தகர்ந்தது. மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அவர்கள் இல்லத்தின் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், மற்றொருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தம்முடன் வந்து காப்பாற்றுமாறு மூவரும் ஐடாவை வேண்டினர். தாம் மருத்துவர் அல்லர் என்றும், தந்தையார் தேர்ந்த மருத்துவர், அவரை அழைத்துச் செல்லலாம் என்றும் அவர் கூறினார். அந்நிய ஆடவர் எவரும் தம் வீட்டுப் பெண்ணைப் பார்க்கலாகாது என்று சொல்லி மூவரும் திரும்பிச் சென்றனர். மறுநாள் மூன்று வீடுகளிலும் மரணம் நிகழ்ந்திருந்தது.

ஜமாஅத்தார்களே! அம்மூவரில் ஒருத்தி நம் சமுதாயத்துப் பெண் என்பதை நாம் மறத்தலாகாது. அக்கணவர் தம் மனைவியை வெறுத்தவர் அல்லர். நள்ளிரவில் ஓடிவந்து அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டியவர். அவர் பேணிய நாணத்தை நாம் குறைகூறவில்லை. குறை எங்கிருந்தது எனில், பெண்ணுக்கு மருத்துவம் பார்க்கக் கற்ற ஒரு பெண்ணை அவ்வூர் உருவாக்கிவைக்கவில்லை. உயிரைக் காப்பது கட்டாயம் ஆகும் இடத்தில் ஆண் மருத்துவரை நாடுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை எடுத்துச் சொல்லவும் அவ்விரவில் எவரும் இருந்திலர்.

படிப்பும் திரும்பி வருதலும்

அம்மரணங்களுக்குப் பின் ஐடா தம் முடிவை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று, 1895இல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவரும் ஒருவர். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலரை நன்கொடையாக அளித்தார். அத்தொகையுடன் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

தந்தையாரின் நிழலில் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். மக்களோ புதிதாக வந்த இளம் பெண் மருத்துவரை உடனே நம்பிவிடவில்லை. வேலூரில் தம் இல்லத்தின் ஓர் அறையையே மருத்துவச் சாலையாக்கி, மருத்துவம் அறியாத உள்ளூர்ப் பெண்ணொருத்தியைத் துணையாகக் கொண்டு அவர் பணியைத் தொடங்கினார். முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் ஐயாயிரம் நோயாளிகள் அங்கு வந்தனர். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஒருவர் கை போதாது

மருத்துவமனை எழுந்தபின்னர்தான் உண்மையான இடர்ப்பாடு விளங்கிற்று. கொள்ளைநோயாகிய பிளேக்கும் காலராவும் அக்காலத்தில் அடுத்தடுத்துப் பரவின. தொழுநோயாளிகளோ எங்கும் புகலிடமின்றித் திரிந்தனர். 1906ஆம் ஆண்டளவில் மாட்டுவண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் மரத்தடி மருத்துவத்தை அவர் தொடங்கினார். வழியெங்கும் நோயாளிகள் காத்திருந்தனர். 1909இல் ஒரு மோட்டார் வண்டி கிடைத்தபின் இன்னும் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்ல முடிந்தது. அவர் சாலைக்குச் சென்றுவிட்டால் மருத்துவமனையில் மருத்துவர் இல்லை. மருத்துவமனையில் தங்கிவிட்டால் சாலையோரத்தில் காத்திருப்போருக்கு ஆளில்லை.

ஒரு மருத்துவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒரு நோயாளியின் அருகில் நிற்க முடியும்? அறுவை முடிந்ததும் அவர் அடுத்தவரிடம் சென்றுவிடுகிறார். அதன்பின் காய்ச்சல் ஏறுவதையும், காயத்தில் சீழ் வைப்பதையும், நள்ளிரவில் மூச்சு மாறுவதையும் முதலில் காண்பவர் செவிலியரே. மருத்துவரை எழுப்புவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்பவரும் அவரே. அம்முடிவு தவறினால் பகலில் செய்த அறுவை முழுவதும் வீணாகும். இவ்வுண்மையின் பயனாக 1909ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. டெலியா ஹூட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியர் அப்பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் செவிலியர் தொழில் இழிவாகக் கருதப்பட்டது. அந்நியரின் புண்ணையும் கழிவையும் தொடுவது குடும்பப் பெண்ணுக்கு அடாது என்று உயர்சாதியாரும் சொன்னார்கள். நம் முன்னோரும் சொன்னார்கள். அச்சொல்லை மாற்றப் பயிற்சி பெற்ற பெண்களின் நடத்தையும் திறமையுமே துணைநின்றன.

தலைமை என்பது யாது?

செவிலியர் தலைமை என்றவுடன் பதவியும் நாற்காலியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இடர்காலத்தில் அதன் பொருள் வேறு. விபத்தில் காயமுற்ற இருபது பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், உரக்கக் கத்துபவரிடம் முதலில் ஓடுவது மனித இயல்பு. பயின்ற செவிலியர் சத்தமின்றிக் கிடப்பவரை முதலில் நோக்குவார். மூச்சும் நாடியும் குருதிப்போக்கும் பார்த்து, உடனே கவனிக்க வேண்டியோர், சற்றுப் பொறுக்கக்கூடியோர், காத்திருக்கக்கூடியோர் எனப் பிரிப்பார். அனுபவமில்லாத இளையவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கொடுக்கலாகாது என்று அறிந்து பங்கிடுவார். முறை மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவரிடம் விட்டுப்போகாமல் ஒப்படைப்பார். வாயிலில் கூடிநிற்கும் உறவினர்க்கு உண்மையைக் கனிவுடன் சொல்லி, வதந்தி பரவாமல் தடுப்பார். தம்முடன் பணிபுரிவோரில் எவர் சோர்ந்து விழும் நிலையில் இருக்கிறார் என்பதையும் கண்டறிந்து ஓய்வுக்கு அனுப்புவார்.

இவை பிறவியில் வருவன அல்ல, பயிற்சியால் வருவன. இடர் வந்தபின் கற்றுக்கொள்ள அவகாசம் இராது. ஆகவே அமைதிக் காலத்திலேயே இவற்றைக் கற்பித்தல் வேண்டும்.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டில் நிகழ்ந்த அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாவின் பள்ளிவாசலில் அமைந்திருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள் என்பதை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. அஸ்லம் குலத்தைச் சேர்ந்த அப்பெண்மணிக்கு அப்பணியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒப்படைத்தார்கள். போர் என்னும் இடர்காலத்தில், இறையில்லத்தின் எல்லைக்குள், மருத்துவப் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. ஐரோப்பாவில் 1854இல் துருக்கியின் ஸ்குட்டாரி படைமுகாம் மருத்துவமனைக்கு முப்பத்தெட்டுப் பெண்களுடன் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1860இல் இலண்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ருஃபைதா (ரலி) அம்மையார் அக்கூடாரத்தில் பணியாற்றினார்கள். இத்தகைய முன்னோடியைப் பெற்ற நாம் இத்தொழிலைக் கண்டு நாணுதல் முறையாகுமா?

கல்லூரியும் சோதனைகளும்

வேலூரில் செவிலியர் பள்ளி வேரூன்றியபின், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கப்பட்டது. அவ்வாண்டில்தான் இன்புளூயன்சா காய்ச்சல் உலகெங்கும் பரவி, நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பெண்கள் மருத்துவம் கற்று முடிப்பார்களா என்று ஐயுற்ற அதிகாரிகள் இருந்தனர். 1922இல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர்.

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. அப்பள்ளி வழங்கிய சான்றிதழ் இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயர்த்தினாலன்றிப் பள்ளியை நடத்த முடியாது என்னும் நிலை ஏற்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழைக் கடந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரியில் ஆண்களையும் சேர்க்க வேண்டுமா என்னும் வினா அவரையும் நெருங்கிய நண்பர்களையும் பிரித்தது. நிறுவனம் நிலைக்க வேண்டுமாயின் கூட்டாகவே நடத்த வேண்டும் என்னும் முடிவை மனவருத்தத்துடன் அவர் ஏற்றார். தம் விருப்பத்தைக் காட்டிலும் பணி பெரிது என்று கருதியதால் அது அவருக்கு இயன்றது.

1946ஆம் ஆண்டில் வேலூர்ச் செவிலியர் பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பை முதன்முதலில் தொடங்கிய இடங்கள் வேலூரும் தில்லியும் ஆகும். இதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அதுவரை செவிலியர் என்பவர் மருத்துவர் சொன்னதைச் செய்பவர் என்றே கருதப்பட்டார். பட்டப்படிப்பு வந்தபின், செவிலியரே செவிலியரைக் கற்பிக்கவும், மருத்துவமனைப் பிரிவுகளை நிர்வகிக்கவும், கிராமப் பணியைத் தாமே திட்டமிடவும் வழி பிறந்தது. இன்றும் அக்கல்லூரி, சுற்றுவட்டக் கிராமங்களில் செவிலியர் பொறுப்பில் ஒரு சமூக நலப் பணியை நடத்தி வருகிறது.

அவ்வளவில் அம்மையார் பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் தலைமையை ஏற்றவர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி. தாம் உயிரோடிருக்கும்போதே பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியிருத்தல் எளிதன்று; நம் அமைப்புகளில் அதை நாம் நன்கறிவோம். அம்மையார் தம் இறுதிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து, 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், தாம் பிறந்த தமிழ் மண்ணிலேயே தம் வாழ்வை நிறைவு செய்தார்.

அவருடைய சமயம் வேறு, நம் மார்க்கம் வேறு. அவர் தம் சமயத்தைப் பரப்பும் சபையின் சார்பிலேயே இங்கு வந்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. எனினும், நன்மை எவரிடமிருந்து வந்தாலும் அதை ஒப்புக்கொள்வது நம் மீது கடமை. அம்மருத்துவமனையின் கட்டில்களில் நம் தாய்மார்கள் படுத்து நலம்பெற்று வீடு திரும்பியிருக்கின்றனர்.

மீட்சிக் காலமும் ஓர் இடர்க்காலமே

இடர் என்பது தீ அணைந்ததும், வெள்ளம் வடிந்ததும் முடிந்துவிடுவதன்று. உடலும் மனமும் மீளும் காலம் அதனினும் நீண்டது. வேலூரின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கற்று, 1966இல் அங்கு மறுவாழ்வு மையம் அமையக் காரணமானார். முதுகெலும்பு முறிந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் காப்பதும், அவர் நம்பிக்கை இழக்காமல் காப்பதும் நாள்தோறும் உடனிருக்கும் செவிலியரின் கையிலேயே உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமிக்குப் பின், நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம், கடலோர மக்களின் மனக்காயத்தை ஆற்றச் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. மீட்சிக்கும் பயிற்சி வேண்டும் என்பதற்கு இது சான்று.

நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டைச் செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டே கொரோனா வந்து உலகை முடக்கிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 2 கோடியே 79 இலட்சம் செவிலியர் உள்ளனர் என்றும், அவர்களைத் தலைமைப் பொறுப்புக்குப் பயிற்றுவிக்க அரசுகள் முதலிட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. உறவினர் உள்ளே செல்ல முடியாத அக்கொடிய நாட்களில், நம்மவர் பலருடைய இறுதி மூச்சின்போது அருகில் நின்றவர்கள் செவிலியரே.

நம் ஊருக்கு வருவோம்

நம் பாகலூர் இன்று ரோஜாத் தோட்டமும் தொழிற்சாலையும் கலந்த ஊர். ஓசூர் சிப்காட்டுக்கும் கர்நாடக எல்லைக்கும் இடையே இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. பல மாநிலத் தொழிலாளர்கள் நம் அண்டை வீடுகளில் தங்கியுள்ளனர். 2023ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கடை வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் நம் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றிப் பதினான்குக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் பிழைப்புக்காக வந்த தமிழக இளைஞர்கள். இத்தகைய நாட்களில் மருத்துவமனை வாயிலில் முதலில் நிற்கப்போகும் செவிலியர் எவர் வீட்டுப் பிள்ளையாக இருப்பார்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் இப்பகுதியில், அடிபட்டவரின் மொழியில் ஆறுதல் சொல்லத் தெரிந்தவர் நம் பெண்மக்களே அன்றோ?

கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. செவிலியர் பட்டப்படிப்பு நான்காண்டு; பட்டயப் படிப்பு மூன்றாண்டு. ஆகவே ஜமாஅத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் கல்வி உதவியில் செவிலியர் படிப்புக்கும் உரிய இடம் அளித்தல். இரண்டாவது, பர்தா பேணிப் பயிலவும் பாதுகாப்பாகத் தங்கவும் ஏற்ற கல்லூரி எது என்பதைப் பெற்றோர் தேடி அலையாதபடி நிர்வாகக் குழுவே விசாரித்து வழிகாட்டுதல். மூன்றாவது, ஏற்கெனவே செவிலியராகப் பணிபுரியும் நம் சகோதரிகள் இரவுப் பணிக்கும், பொறுப்பு உயர்வுக்கும், மேற்பயிற்சிக்கும் செல்ல முற்படும்போது குடும்பத்தார் தடுக்காதிருத்தல். பயின்ற பெண்ணைத் திருமணத்தின்போது வேலையை விடுமாறு நிபந்தனை விதிப்போர், அவள் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.

திண்டிவனத்தில் மாண்ட அந்த முஸ்லிம் பெண்ணின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. அவளுக்காக ஓர் அந்நியப் பெண் கடல் கடந்து சென்று கற்று வந்தாள். நம் வீட்டுப் பெண்களுக்காக நம் வீட்டிலிருந்தே ஒருத்தி ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ சென்று கற்று வருவதை நாம் தடுக்கலாமா? சிந்திப்போமாக. செயல்படுத்தும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக.